டி டிரைவில் போட்டால் பத்திரமா? – ஹார்ட் டிஸ்க் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒற்றை வரி: "சார், டிஸ்க் வேலை செய்யலை, என்ன பண்றது?" ஹார்ட் டிஸ்கா, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியா, வாங்கி எத்தனை வருஷம், விண்டோஸா லினக்ஸா, திரையில் என்ன எழுதியிருந்தது, ஒன்றும் கிடையாது. டாக்டருக்கு போன் போட்டு "உடம்பு முடியலை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிற மாதிரி. அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். பதில் சொல்லும்படி எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: 1 டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கினேன். கம்ப்யூட்டரில் 931 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (மன்னார்குடி)

கடைக்காரர் பாவம், விட்டுவிடுங்கள். டிஸ்க் செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணிவிட்டு, அதற்கும் ஜிபி என்றே பெயர் போடுகிறது. லட்சம் கோடி பைட்டை 1024ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், 931 வரும். 500 ஜிபி வாங்கினால் 465, 2 டிபி வாங்கினால் 1.8 சொச்சம். இதே டிஸ்கை மேக்கில் செருகினால் முழுசாக 1 டிபி காட்டும். 2009ல் வந்த ஸ்னோ லெபர்ட் முதல் அவர்கள் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டார்கள். வருஷா வருஷம் வருகிற கேள்வி இது. கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 64 ஜிபி பென் டிரைவில் 50 ஜிபி காலியாக இருக்கிறது. 6 ஜிபி வீடியோ ஒன்றை ஏற்றினால் 'ஃபைல் பெரிதாக இருக்கிறது' என்று மறுக்கிறது. பென் டிரைவ் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஃபைல்களை அடுக்கிவைக்கும் பழைய முறையான ஃபேட்32ல் அது இருக்கிறது. அதில் எத்தனை இடம் காலியாக இருந்தாலும் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறைக்கு மாற்றுங்கள், விண்டோஸ், மேக், இன்றைய லினக்ஸ் எல்லாம் படிக்கும். பழைய டிவியும் கார் ஸ்டீரியோவும் சில சமயம் படிக்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது போகும் என்பதால், முதலில் காப்பி, பிறகு ஃபார்மட்.

இன்னொருவர் இதற்கு நேர் எதிராகக் கேட்டிருக்கிறார்: 64 ஜிபி பென் டிரைவை ஃபேட்32ல் ஃபார்மட் செய்ய விண்டோஸில் அந்தத் தேர்வே வரவில்லையாம். வராது. அந்த ஃபார்மட் பெட்டியை 90களில் மைக்ரோசாஃப்டில் இருந்தபோது எழுதியவர் டேவ் பிளம்மர். 32 ஜிபி என்ற வரம்பை அன்று தற்காலிகமாகவே வைத்தேன் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பெட்டி கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படியே நின்றுவிட்டது. ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளில் இந்த வரம்பு இல்லை.

கேள்வி: குயிக் ஃபார்மட், ஃபுல் ஃபார்மட் – எது நல்லது?

எதற்காக என்று சொல்லாமல் கேட்டால் எப்படி? குயிக் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது. பக்கங்கள் அப்படியே இருக்கும். ஃபுல் என்பது, விஸ்டா காலத்திலிருந்து, ஒவ்வொரு பக்கத்தையும் வெள்ளையடிப்பது. கூடவே கெட்ட செக்டர் (டிஸ்கின் சிறு துண்டு) இருக்கிறதா என்றும் பார்த்துவிடும். 1 டிபி ஹார்ட் டிஸ்குக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நீங்களே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் குயிக் போதும். ஹார்ட் டிஸ்கை விற்கப் போகிறீர்கள் என்றால் ஃபுல். எஸ்எஸ்டிக்கு ஃபுல் வேண்டாம். அதைத் தயாரித்தவர் தரும் மென்பொருளில் செக்யூர் இரேஸ் இருக்கும், அதைச் செய்யுங்கள்.

கேள்வி: டிஸ்கைச் செருகியதும் 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று வந்தது. ஓகே கொடுத்துவிட்டேன். இப்போது குழந்தையின் போட்டோ எதுவும் இல்லை. அவசரம். (தேனி)

ஓகே கொடுப்பதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய கடிதம் இது. அந்தப் பெட்டி சொல்வதெல்லாம் 'எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை' என்பது மட்டும்தான். லினக்ஸ் டிஸ்கைச் செருகினாலும் அதே பெட்டி வரும். டிஸ்கைப் பிரித்திருக்கும் பகுதிகளின் (பார்ட்டிஷன்) தகவலில் சின்னக் கீறல் விழுந்திருந்தாலும் அதே பெட்டிதான். எப்போதும் கேன்சல். எப்போதும்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. குயிக் ஃபார்மட்டாக இருந்து, அது ஹார்ட் டிஸ்காகவும் இருந்தால் வழி இருக்கிறது. இந்த நிமிஷத்திலிருந்து அதில் ஒரு ஃபைல்கூட எழுதக் கூடாது. மீட்பு மென்பொருளையும் அதற்குள் இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள், அப்படிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் இலவசம். ஃபோட்டோரெக் படங்களை எடுத்துக் கொடுக்கும், பெயரும் ஃபோல்டரும் திரும்ப வராது. எடுப்பதை வேறொரு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்டி என்றால் நிலைமை வேறு. ஃபார்மட் ஆனதுமே 'இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை' என்று ட்ரிம் கட்டளை போய்விடும், அது தானே துடைத்துவிடும். பெரும்பாலும் கைகழுவ வேண்டியதுதான். இரண்டில் எது என்று நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: புது லேப்டாப், 512 ஜிபி எஸ்எஸ்டி. கடையில் சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். எவ்வளவு எவ்வளவு பிரிப்பது? முக்கியமானதையெல்லாம் டி-யில் வைத்தால் பத்திரம்தானே? (திருநெல்வேலி)

இந்த 'டி-யில் வைத்தால் பத்திரம்' என்ற வாக்கியம் என் தொழிலில் எத்தனை குடும்பங்களை அழ வைத்திருக்கிறது தெரியுமா? ஆகவே இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில்.

பிரிக்கிற பழக்கம் சும்மா வந்ததில்லை. ஏயும் பியும் ஃப்ளாப்பிக்குப் போய்விட்டதால் ஹார்ட் டிஸ்க் சி-யில் ஆரம்பித்தது. விண்டோஸ் 95 முதலில் வந்தபோது ஃபேட்16தான். ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. 4 ஜிபி டிஸ்க் வாங்கியவர் வேறு வழியில்லாமல் சி, டி என்று வெட்டினார். 1996ல் ஃபேட்32 வந்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அப்புறம் எக்ஸ்பி காலம். வாரத்துக்கு ஒரு வைரஸ், மாதத்துக்கு ஒரு முறை 'சி-யை ஃபார்மட் அடிச்சிடலாம் சார்'. அப்போது டி தப்பித்தது உண்மை. அங்கேதான் இந்த நம்பிக்கை வேர்விட்டது.

ஆனால் டி என்பது இன்னொரு டிஸ்க் இல்லை. ஒரே அறையில் நடுவே கட்டிய தட்டி. கூரை இறங்கினால் தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவன் மட்டும் பிழைப்பானா?

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாண போட்டோகிராபர் என்னிடம் 2 டிபி டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். நாலு வருஷத்துக் கல்யாணங்கள். ஆளைப் பார்த்தால் பதற்றமே இல்லை. "இ-யில் இருக்கு சார், அதையே ஜி-யிலும் காப்பி போட்டு வெச்சிருக்கேன். ரெண்டு இடத்துல இருக்கு" என்றார். கரண்ட் கொடுத்ததும் டக் டக் என்று சத்தம். தட்டிலிருந்து படிக்கும் முனையான ஹெட் போய்விட்டது. இ-யும் ஜி-யும் டிஸ்குக்குள் சுழலும் ஒரே தட்டின் வெளி வட்டமும் உள் வட்டமும் என்று நான் காகிதத்தில் வரைந்து காட்டியபோதுதான் மனிதருக்கு முகம் மாறியது. தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்துக்கு அனுப்பினோம். டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு செலவு, கிடைத்தது பாதிக்கும் குறைவு. கிடைக்காததில் ஒரு கல்யாணத்துக்கு ஆல்பமே இன்னும் கொடுத்திருக்கவில்லை. அந்தப் பெண் வீட்டாரிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

டிஸ்க் கெடாவிட்டாலும் ஆபத்து உண்டு. விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் திரையில் சி, டி என்று எழுத்து வராது. 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 3' என்றுதான் வரும். அவசரக்காரப் பையன் ஒருவன் அளவைப் பார்க்காமல் தவறான வரியில் டெலிட் அழுத்தினால் உங்கள் பத்திரமான டி காலி. இப்படியும் நடந்திருக்கிறது, ஒரு தடவை இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 512 ஜிபியை மூன்றாக வெட்டாதீர்கள். ஆறே மாதத்தில் சி நிறைந்துவிடும், இ காலியாகக் கிடக்கும், எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். கீழே பாருங்கள், ஒருவர் எழுதியே இருக்கிறார். முழுவதும் சி-யாகவே இருக்கட்டும். விண்டோஸைப் புதுப்பிக்க வேண்டி வந்தால் ரீசெட்டில் ஃபைல்களை வைத்துக்கொள்ளும் வழி இப்போது இருக்கிறது. பிரிப்பதற்குக் கடையில் கேட்கும் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்குங்கள், வாரம் ஒரு முறை காப்பி எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ரொம்ப முக்கியமானதை மூன்றாவதாக வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ கிளவுடிலோ வையுங்கள்.

கேள்வி: சி நிறைந்து சிவப்பாகிவிட்டது. இ-யை அழித்துக் காலி இடம் ஆக்கினேன். ஆனாலும் சி-யைப் பெரிதாக்கும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கிறது.

காலி இடம் சி-க்கு வலப்பக்கம் ஒட்டியே இருக்க வேண்டும். உங்களுக்கு நடுவில் டி நிற்கிறது. டி இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் பழுதானால் மீட்க வைத்திருக்கும் பகுதி) நிற்கும். ஜிபார்ட்டட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு பூட் செய்து நடுவில் இருப்பதை நகர்த்தலாம். நகர்த்தும்போது கரண்ட் போனால் அதோ கதி, லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். முதலில் காப்பி, இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது. அதற்கு முன் டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பத்து இருபது ஜிபி அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: 4 டிபி டிஸ்கில் 2 டிபிக்கு மேல் பார்ட்டிஷன் போட முடியவில்லை.

எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று குறித்துவைக்கும் அட்டவணை எம்பிஆர் முறையில் இருக்கிறது. 1983ல் டாஸ் காலத்தில் வந்த அட்டவணை, 32 பிட்டில் செக்டரை எண்ணுகிறது. 512 பைட் செக்டரில் 2 டிபியோடு எண்ணிக்கை தீர்ந்துவிடும். ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மாற்ற வேண்டுமானால் டிஸ்க் காலியாக இருக்க வேண்டும். இணையத்தில் பார்த்து டிஸ்க்பார்ட்டில் 'கிளீன்' கட்டளை கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: அது 'நிச்சயமா?' என்று கேட்காது. எந்த டிஸ்கைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதைத் துடைத்துவிடும். எண்ணை நம்பாமல் அளவைப் பாருங்கள், மற்ற டிஸ்குகளைக் கழற்றிவிட்டே உட்காருங்கள்.

கேள்வி: பேட் செக்டர் வந்த டிஸ்கை லோ லெவல் ஃபார்மட் செய்தால் புதுசு போல் ஆகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. 80களின் டிஸ்குகளில் அதை நாமே செய்ய முடிந்தது. இன்றைய டிஸ்கில் தடங்கள் தொழிற்சாலையிலேயே எழுதப்படுபவை, வீட்டில் செய்ய வழியில்லை. அந்தப் பெயரில் கிடைக்கும் மென்பொருள்கள் பூஜ்யம் எழுதுகின்றன, அவ்வளவுதான். எழுதும்போது டிஸ்க் தன் கெட்ட செக்டருக்குப் பதில் உபரியில் ஒன்றை மாற்றிக்கொள்ளும், அதனால் சரியானது போலத் தோன்றும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில், டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 மூன்று வரிகளைப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கை நம்பி ஒன்றும் வைக்காதீர்கள். காப்பி எடுக்கும் முன் விண்டோஸின் பிழை திருத்தும் செக்டிஸ்கை ஓட்டவும் வேண்டாம். சாகக் கிடப்பவனை ஓட்டப்பந்தயத்தில் விடுகிற வேலை.

கேள்வி: டக் டக் சத்தம் வரும் டிஸ்கை ஃப்ரீசரில் வைத்தால் சரியாகுமா?

ஆகாது. ஹெட் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அங்கே ஈரம் படிந்தால் மிச்சமும் போச்சு. உடனே கரண்டை நிறுத்துங்கள்.

கேள்வி: லேப்டாப்புக்கு மதர்போர்டு மாற்றினார்கள். இப்போது நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. கடையில் 'ஃபார்மட்தான் வழி' என்கிறார்கள்.

கடைக்காரரை இப்போதே நிறுத்துங்கள். அது டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர். பூட்டின் சாவி பழைய போர்டில் இருந்தது. விண்டோஸை ஆரம்பத்தில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறந்தீர்களோ, அதற்குள் போனிலிருந்து போய்ப் பாருங்கள். ரெக்கவரி கீ பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். மகனின் கணக்காகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். எங்கேயும் இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது, என்னாலும்தான். மற்றவர்கள் லேப்டாப் நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணைத் தாளில் எழுதிவைத்துவிடுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டியை டீஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்யலாமா?

வேண்டாம். விண்டோஸ் தானாகவே ட்ரிம் அனுப்பிக்கொள்ளும்.

கேள்வி: சிசிடிவி கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியில் இருந்த டிஸ்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினால் 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்கிறது. (யாழ்ப்பாணம்)

கேன்சல். பல டிவிஆர்கள் தங்களுக்கென்று தனி முறையில் எழுதுகின்றன, விண்டோஸுக்குப் புரியாது. திரும்ப டிவிஆரிலேயே மாட்டி, அதன் மெனுவிலிருந்து பென் டிரைவுக்கு ஏற்றுமதி செய்யுங்கள். தேதியைக் குறித்துக்கொண்டு சீக்கிரம் செய்யுங்கள். டிஸ்க் நிறைந்தால் பழையதன் மேலேயே அது எழுதத் தொடங்கிவிடும்.