சப்பாத்தை நாய் கொண்டுபோனது

கேள்வி: வேறு நாட்டுக்காரர்களின் சொல்லையோ பழக்கத்தையோ தப்பாகப் புரிந்துகொண்டு அசடு வழிந்திருக்கிறீர்களா?

வழிந்திருக்கிறேன், குடும்பத்தோடு. ஜப்பானுக்கோ பிரான்ஸுக்கோ போனால் ஒன்றும் புரியாது என்று தெரிந்தேதான் போகிறோம், கையைக் காட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். எங்களுக்கு நடந்தது தமிழ் பேசுகிறவர்களோடு. ஒரே சொல்லுக்கு அவர்களிடம் ஓர் அர்த்தம், நம்மிடம் வேறோர் அர்த்தம், புரியவில்லை என்பதே இரண்டு பக்கமும் தெரியாது, சிரித்துத் தலையாட்டிக்கொண்டே போய்க் கிணற்றில் விழுவோம்.

2018-ல் என் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லண்டனில் வேலை பார்க்கிறார், பிறந்தது யாழ்ப்பாணம். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பே அவருடைய அம்மாவும் தாய்மாமனும் கொழும்பில் விமானம் ஏறி இங்கே சென்னைக்கு வந்துவிட்டார்கள். மாமா ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், இது பின்னால் முக்கியம். ஓட்டலில் ரூம் போடலாம் என்று அப்பா சொன்னதற்கு ஆயா ஒத்துக்கொள்ளவே இல்லை. "தமிழ் பேசற ஜனந்தான, நம்ம வூட்லயே இருக்கட்டும், இன்னா கஷ்டம்?" என்று தண்டையார்பேட்டை வீட்டு மாடியைக் காலி செய்ய வைத்தார். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். "இவங்க எங்க ஆயா" என்று நான் அறிமுகம் செய்தபோது மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வயசிலயும் வேலைக்கு வச்சிருக்கிறீங்களோ, பாவம் தம்பி" என்றார். ஆரம்பமே அப்படி.

அத்தை, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, வந்திறங்கிய அன்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார். பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா? ஓம். டீ குடிக்கிறீங்களா? ஓம். கொஞ்சம் படுக்கிறீங்களா? ஓம். யாழ்ப்பாணத்தில் ஓம் என்றால் ஆமாம். இது எனக்குத் தெரியும், மாப்பிள்ளையோடு போனில் பேசியிருக்கிறேன். ஆயாவுக்கு யார் சொல்வது? நெற்றி நிறைய விபூதி வேறு. சமையலறைக்குள் வந்து, "இன்னா பக்திடி இந்த அம்மாவுக்கு, வாயத் தொறந்தா ஓம்னுதான் வருது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அப்போதே திருத்தியிருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து ஆயா நாற்காலியைக் காட்டி, "குந்தும்மா, ஏன் நின்னுகினே கீற" என்றார். அத்தை நாற்காலியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குக் குந்து என்றால் உட்கார், அவ்வளவுதான். அவருக்கு அது குத்துக்காலிட்டு இருப்பது மட்டும். பெரிய மனுஷி சொல்கிறாரே, இங்கே வழக்கம் போல என்று செய்திருக்கிறார்.

இனி தலைப்புக்கு வருகிறேன். மாமா வாசலில் நின்றுகொண்டு, "சப்பாத்து எங்க வைக்கிறது?" என்று கேட்டார். அடுப்படியிலிருந்த அம்மாவுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. "சப்பாத்தியா? மதியத்துக்குச் சோறு ஆக்கிட்டேண்ணா, ராத்திரிக்குப் போட்டுத்தரேன்." மாமா இதில் என்ன புரிந்துகொண்டாரோ, "பிரச்சினை இல்லை தங்கச்சி" என்று மாடிப்படிக்குக் கீழே ஷூவை வைத்துவிட்டு மேலே போய்விட்டார். அன்று ராத்திரி பன்னிரண்டு பேருக்குச் சப்பாத்தி. அம்மா மாவு பிசைய, நானும் அக்காவும் தேய்க்க, பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு தோசைக்கல் வாங்கி வந்து இரண்டு அடுப்பிலும் போட்டெடுத்தோம். மாமா மரியாதைக்கு இரண்டு சாப்பிட்டுவிட்டு, சோறு கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

மறுநாள் காலை மாமா முகம் வாடி வந்து நிற்கிறார். "தங்கச்சி, என்ர சப்பாத்தில ஒண்டை நாய் கொண்டு போட்டுது."

"போனா போவுது விடுங்கண்ணா. மீந்தத வெளிய வெச்சா நாய் தூக்கத்தான் செய்யும். வேற போட்டுத்தரேன்."

"நீங்கள் போட்டுத் தாறதோ?"

"பத்து நிமிஷம்ணா, மாவு மிச்சம் கீது."

மாமா ஒன்றும் பேசவில்லை. பேப்பர் எடுக்க வெளியே வந்த அப்பா, ஒற்றை ஷூவைக் கையில் பிடித்தபடி பரிதாபமாக நின்றுகொண்டிருந்த மனிதரைப் பார்த்துவிட்டு, "இவரு ஷூவத் தேடுறாரு, நீ எதப் போட்டுத்தரப் போற?" என்று கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இன்னொரு ஷூ மூன்று வீடு தள்ளி குப்பைத் தொட்டி பக்கத்தில் கிடைத்தது, குதிகால் பக்கம் பல் அடையாளத்தோடு.

அன்றைக்கே காசிமேட்டிலிருந்து வஞ்சிரம் வந்தது. மாமா தட்டைப் பார்த்து ஆசையாக, "இது அறக்குளாவோ?" என்றார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அரைக்கிலோவா? ரெண்டரைக் கிலோண்ணா, தலையே அரைக்கிலோ இருக்கும்!" வஞ்சிரத்துக்கு அங்கே பெயர் அறக்குளா. இன்னொரு நாள் அத்தை சாப்பிட உட்கார்ந்துவிட்டு "ஒரு கோப்பை தாங்கோ" என்று கேட்க, அக்கா ஓடிப்போய்க் காபி கப் எடுத்து வந்தாள். அவர்களுக்குக் கோப்பை என்பது சோறு போடும் தட்டு.

பெண்ணைப் பார்த்தவுடன் அத்தை சொன்ன வார்த்தை, "பிள்ளை நல்ல வடிவு." ஆயா உடனே, "வடிவு இல்லம்மா, இவ பேரு வேற" என்றார். ஆயா மேல் தப்பில்லை. திருவொற்றியூரில் இருப்பது வடிவுடையம்மன், எங்கள் பக்கம் வடிவு என்று யாரையாவது கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். யாழ்ப்பாணத்தில் வடிவு என்றால் அழகு, அதற்கு மேல் ஒழுங்காக, கவனமாக என்பதற்கும் அதே வடிவுதான்: வடிவாப் பாருங்கோ, வடிவாச் சாப்பிடுங்கோ. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மாமா வந்த இடத்தில் "பெட்டை என்ன படிச்சிருக்கு?" என்று கேட்டாரே, எதிர்வீட்டு அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அங்கே பெட்டை என்றால் பெண்பிள்ளை, இங்கே அது கோழிக்கும் நாய்க்கும் சொல்வது, மனுஷிக்குச் சொன்னால் சண்டைதான். அதே மூச்சில் ஆறடி உயர மாப்பிள்ளையை "எங்கட பொடியன்" என்றார்.

எல்லாம் நாங்கள்தான் முழித்தோம் என்று நினைக்க வேண்டாம். மாமா ஒரு வாரம் தெருவெல்லாம் சுற்றிவிட்டு வந்து ஒரு நாள் மொட்டைமாடியில் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். "தம்பி, இஞ்ச எல்லாரும் ஆளை ஆள் கண்ட உடன 'இன்னா', 'இன்னா' எண்டு சொல்லுகினம். இன்னா எண்டா துன்பம். வள்ளுவர் இன்னா செய்யாமை எண்டு ஒரு அதிகாரமே வச்சிருக்கிறார். உங்கட ஊர்ச் சனத்துக்கு என்ன துன்பம்?" முப்பத்திரண்டாம் அதிகாரம் என்று எண்ணும் சேர்த்துச் சொன்னார். என்ன என்பதைத்தான் இன்னா என்கிறோம் என்று சொன்னேன், அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பர்மா பஜார் பார்க்க ஆட்டோவில் கூட்டிப்போனேன். ராயபுரம் பாலத்தில் வண்டி நகரவில்லை. டிரைவர் திரும்பி, "ஒரே பேஜாரு சார்" என்றார். மாமா உற்சாகமாக, "ஓமோம், பஜார்தான், பர்மா பஜார்!" என்றார். டிரைவர் மறுபடி, "அத்தான் சார், பேஜாரு." "ஓம், பஜார்." இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போய்க்கொண்டே கடற்கரை ஸ்டேஷன் வரை வந்தார்கள், நான் குறுக்கிடவில்லை. பேஜார் உருதுவிலிருந்து வந்தது, அலுப்பு, தொல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்கி, 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்த அத்தோ என்கிற நூடுல்ஸ் சாப்பிடலாம் என்று தள்ளுவண்டிக்குப் போனோம். கடைக்காரர் "அத்தோ?" என்று கேட்க, மாமா திரும்பி ராஜாஜி சாலையை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, "எதோ?" என்றார். வாத்தியாருக்கு அதோ என்று கேட்டிருக்கிறது.

தெருவில் ஒரு சாயங்காலம் மேளம், பட்டாசு, பூ இறைப்பு, பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடிக்கொண்டு வருகிறார்கள், பின்னால் பூ ஜோடித்த வண்டி. மாமா மாடியிலிருந்து முகமலர்ச்சியோடு, "மாப்பிள்ளை ஊர்வலமோ?" என்றார். சாவு என்று சொன்னதும் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டார். போனவருக்குத் தொண்ணூறு வயசு, பேரன் பேத்தி எடுத்தவர், எங்கள் பக்கம் அதைக் கல்யாணச் சாவு என்றே சொல்வோம். அந்த வகையில் அவர் பாதி சரி.

அந்த மொட்டைமாடிப் பேச்சில் எனக்கு ஒன்று கிடைத்தது. சப்பாத்து போர்த்துக்கீசியச் சொல்லாம், 1619-லிருந்து 1658 வரை யாழ்ப்பாணம் அவர்கள் கையில், அப்புறம் டச்சுக்காரர்கள். ரொட்டியை அவர்கள் பாண் என்பதும் அதே வழி. (காலையில் பாண் சாப்பிடுவோம் என்று அத்தை சொன்னபோது நாங்கள் வெற்றிலை பீடா என்று நினைத்துக்கொண்டது தனிக்கதை.) நம்முடைய சாவியும் ஜன்னலும்கூடப் போர்த்துக்கீசியம்தான். சாவியை அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை, திறப்பு என்று அழகான தமிழில் சொல்கிறார்கள். அதாவது ஒரே கப்பலிலிருந்து நாம் சாவியை எடுத்துக்கொண்டோம், அவர்கள் சப்பாத்தை எடுத்துக்கொண்டார்கள். கோப்பையை இரண்டு பேரும் எடுத்தோம், ஆனால் நாம் அதில் டீ ஊற்றினோம், அவர்கள் சோறு போட்டார்கள். நாங்கள் தினம் சொல்கிற துட்டு டச்சுக்காரர்களின் காசு என்று நான் என் பங்குக்குச் சொன்னேன், எங்களுக்கு வடக்கே பழவேற்காட்டில் அவர்கள் கோட்டை இருந்ததே.

இப்போது ஓம் விவகாரம். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு வடிவுடையம்மனுக்கு அர்ச்சனை செய்யக் கிளம்பினோம். மெட்ரோவுக்காக டி.எச். ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம், அதில் ரயில் ஓடியதே 2021 பிப்ரவரியில்தான். கால் டாக்ஸியில் நான் முன்னால், பின்னால் அம்மா, ஆயா, நடுவில் அத்தை. பள்ளத்தில் விழுந்து எழுந்து வண்டி போகிறது, ஏசி நாற்றம் வேறு. அத்தை கண்ணை மூடிக்கொண்டார், நெற்றியெல்லாம் வியர்வை, உடம்பு லேசாக ஆடுகிறது. மெல்லிய குரலில், "எனக்குச் சத்தி வருது போல கிடக்கு" என்றார்.

யாழ்ப்பாணத்தில் சத்தி என்றால் வாந்தி. அது அப்போது அந்த வண்டியில் யாருக்கும் தெரியாது.

ஆயா நிமிர்ந்து உட்கார்ந்து கைகூப்பினார். "தாயே, வந்துட்டியா! சத்தியாம்மா வந்திருக்க?"

"ஓம்."

"எம்மா, பெரியபாளையத்தாளே! என் பேத்தி கல்யாணம் நல்லபடியா நடக்குமா?"

"ஓம்... ஓம்... கதவைத் திறவுங்கோ..."

"கோயில் கதவையா தாயே?"

டிரைவர் வியாசர்பாடிக்காரர், பயந்துபோய் தேரடிக்குச் சற்று முன்னால் ஓரங்கட்டினார். அம்மனுக்காகவா, சீட் கவருக்காகவா தெரியாது. அம்மாதான் கதவைத் திறந்து அத்தையைப் பிடித்துக்கொண்டார், அப்புறம் நடந்ததை எழுத வேண்டியதில்லை. டிரைவர் அதற்குள் எதிர்க்கடைக்கு ஓடி ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். சாமிக்காக வாங்கியதை அத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்தார், இரண்டு நிமிஷத்தில் தெளிந்துவிட்டார். ஆயாவைப் பொறுத்தவரை அம்மன் மலையேறிவிட்டாள்.

வாந்தியைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டோம். "வாந்தியும் வந்துச்சு, சத்தியும் வந்துச்சு. கல்யாணம் நல்லபடியா நடந்துதா இல்லியா?" என்று கேட்கிறார். நடந்துதான் இருக்கிறது.

2019 நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் விட ஆரம்பித்தார்கள், அடுத்த மாதமே நான் யாழ்ப்பாணம் போனேன். போய்ச் சேர்ந்தபோது அத்தை வெளியே போயிருந்தார், போனில், "தம்பி, திறப்பு பக்கத்து வீட்டில கிடக்கு" என்றார். மொட்டைமாடியில் அத்தனை பாடம் கேட்டவன் நான். பக்கத்து வீடு திறந்திருக்கிறது, அங்கே இருக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத வீட்டுக்குள் போய் வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அவர்களும் பாவம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, கடித்துக்கொள்ளப் பனங்கட்டியும் வைத்து, முக்கால் மணி நேரம் ஊர்க்கதை கதைத்தார்கள், யாரென்று கேட்கவே இல்லை. சாவி முழுநேரமும் என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்ததும் ஆயா ஊரைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "சம்பந்தியம்மாவுக்கு இப்பவும் சத்தி வருதா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.