"இனிமே என்னை 'டி' போட்டுக் கூப்பிடாதம்மா!"

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். போன மாதம் முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு வந்து, "நான் பொண்ணும் இல்லம்மா, பையனும் இல்ல. நான்-பைனரி. இனிமே என்னை 'டி' போட்டுக் கூப்பிடாதம்மா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் செல்போனால் வந்தது என்கிறார் கணவர். "இதைச் சரிபண்ண ஒரு டாக்டர் இருக்கிறார், கூட்டிட்டுப் போ" என்கிறார் நாத்தனார். அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம் வேறு; தாவணி கட்டவே மாட்டேன் என்கிறாள். நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி,

அந்த டாக்டரிடம் தயவுசெய்து போகாதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம், இது மட்டும் அவசரம். பாலின அடையாளத்தை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை தரும் முயற்சிகளுக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் சிகிச்சை தருவதை மருத்துவர்களின் நடத்தை மீறல் என்று அறிவித்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். உங்களுக்குப் புரியாததில் வெட்கப்பட எதுவும் இல்லை.

திருநங்கை தன்னைப் பெண்ணாக உணர்கிறார், திருநம்பி ஆணாக உணர்கிறார். உங்கள் பிள்ளை சொல்வது, இரண்டில் எதுவுமே தனக்குப் பொருந்தவில்லை என்பதை. சிலர் இரண்டும் கலந்ததாக உணர்வார்கள். யார் மேல் காதல் வரும் என்பது இதில் சேராது, அது தனி. மருந்து, ஆபரேஷன் என்று பயப்படாதீர்கள். பலர் அதைக் கேட்பதே இல்லை. இது மனநோயும் அல்ல. வளர்ப்பில் குறை என்று உங்களை நொந்துகொள்ளவும் வேண்டாம். 'நான்-பைனரி' என்ற பெயர் போனில் கிடைத்திருக்கலாம். மனசுக்குள் இருந்த தவிப்பையும் போன்தான் கொடுத்தது என்று சொல்வது நியாயமில்லை.

இந்த வயதில் சொல்வது நிலைக்குமா? சிலருக்கு நிலைக்கும், சிலர் பின்னால் வேறு விதமாகச் சொல்வார்கள். அதை நீங்கள் இன்றே தீர்மானிக்க வேண்டியதில்லை. பயந்துகொண்டே உங்களிடம் வந்து சொல்லியிருக்கும் பிள்ளை, நாளைக்கும் உங்களிடமே வந்து பேச வேண்டும். எனக்கு அதுதான் பெரிது.

'டி' விஷயம் சுலபம். உங்கள் பக்கத்தில் 'கண்ணு', 'சாமி' என்று கூப்பிடுவீர்களே, மகனோ மகளோ அதேதான். அப்படியே கூப்பிடுங்கள். பழக்கத்தில் 'டி' வந்துவிட்டால் திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். அப்புறம், பிள்ளையைக் கேட்காமல் சொந்தக்காரர்களிடமோ பள்ளியிலோ இதைச் சொல்லாதீர்கள். தூக்கம், சாப்பாடு குறைந்தாலோ, உயிரே வேண்டாம் என்பது போலப் பேசினாலோ தாமதிக்காமல் 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கல்யாணத்துக்குப் பட்டுத் துணியில் குர்தாவும் பேன்ட்டும் நன்றாகத்தான் இருக்கும். கடைக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளையையே எடுக்க விடுங்கள். மண்டபத்தில் யாராவது, "ஏன் தாவணி கட்டலை?" என்று கேட்டால், "இதுதான் பிடிச்சிருக்கு, நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.