சிங்கப்பூரில் ஒரே கட்சி எப்படித் தொடர்ந்து வெல்கிறது?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன், அங்கு 1959 முதல் மக்கள் செயல் கட்சியே ஆள்கிறது என்கிறான். தேர்தல்கள் ஒழுங்காக நடந்தும் இது எப்படிச் சாத்தியம்? வாக்கெண்ணிக்கையில் ஏதும் கள்ளம் உண்டா?
வாசகர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: வாக்கெண்ணும் மேசையில் தேடிப் பயனில்லை. வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையிலேயே அங்கு வாக்குகள் எண்ணப்படுகின்றன. வாக்குகள் ஆசனங்களாக மாறும் முறையைத்தான் கவனிக்க வேண்டும். 2020 இல் அக்கட்சி ஏறத்தாழ 61 வீத வாக்குகளுடன் 93 ஆசனங்களில் 83 ஐப் பெற்றது. 2024 இல் இங்கே தேசிய மக்கள் சக்தியும் அதே அளவு வீதத்தையே பெற்றது. ஆனால் கிடைத்தவை 225 இல் 159 ஆசனங்கள். அதாவது, ஒரே அளவு ஆதரவு அங்கு பத்தில் ஒன்பது பங்கையும் இங்கு ஏழு பங்கையும் தந்திருக்கிறது.

இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு 1988 இல் அறிமுகமான குழுத்தொகுதிக்கு உரியது. இப்போது நான்கு அல்லது ஐந்து வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்கிறார்கள். அதிக வாக்குப் பெறும் அணி எல்லா ஆசனங்களையும் எடுத்துக்கொள்கிறது. அணியில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. சீனர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் மலாய்க்காரரும் இந்தியரும் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றுவிடக் கூடாது என்ற அந்த நியாயத்தை நம் மாவட்டத்தவர் எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். ஆயினும் அதன் விலையை இங்கேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். 2024 இல் திருகோணமலையின் நான்கு ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டும், ஐக்கிய மக்கள் சக்திக்கும் இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கும் ஒவ்வொன்றும் கிடைத்தன. மூதூர், சேருவில, திருகோணமலை ஆகிய மூன்றும் ஒரே குழுத்தொகுதியாக இருந்திருந்தால், முதலிடம் பெற்ற கட்சியே நான்கையும் கொண்டுபோயிருக்கும். விருப்பு வாக்கு என்ற பேச்சுக்கும் இடமிருந்திராது.

ஆளுக்கு 13,500 டொலர் கட்டுப்பணம் கட்டி முழு அணியையும் நிறுத்துவது சிறிய கட்சிகளுக்குப் பெரும் சுமை. 2025 இல் ஐந்து ஆசனங்கள் கொண்ட ஒரு குழுத்தொகுதி போட்டியின்றியே ஆளும் கட்சிக்குப் போனது. அங்குள்ளவர்கள் வாக்களிக்கவே இல்லை. தேர்தல் திணைக்களம் பிரதமர் அலுவலகத்தின் கீழ் இயங்குவதும், பிரதமர் நியமிக்கும் குழுவே தொகுதி எல்லைகளை மீளாய்வு செய்வதும் என் பார்வையில் இதைவிடக் கனமான குறைகள்.

எதிர்க்கட்சியினர் பன்னிருவருக்குக் குறைவாக வென்றால், தோற்றவர்களுள் அதிக வாக்கு வீதம் பெற்றோருக்கு, தொகுதியில்லா உறுப்பினர்களாக, மீதி இடங்கள் வழங்கப்படுகின்றன. ஆளும் கட்சிக்கே வாக்களித்தாலும் மாற்றுக் குரல் கேட்கும் என்ற நிம்மதியை இது வாக்காளருக்குத் தருவதால், பலன் பெரும்பாலும் ஆளும் கட்சிக்கே என்பேன்.

ஆனால் அந்தக் குழுத்தொகுதி இரு பக்கமும் வெட்டும். 2011 இல் அல்ஜுனிட் தொகுதியைப் பாட்டாளிக் கட்சி கைப்பற்றியபோது, வெளியுறவு அமைச்சர் உட்பட ஆளும் கட்சியின் ஐவரும் ஒரே இரவில் ஆசனம் இழந்தனர். 2025 தேர்தலிலும் ஆளும் கட்சியால் அதை மீட்க முடியவில்லை.