காருக்கு அடியில் எண்ணெய்த் திட்டு: கியர்பாக்ஸை இறக்கும் முன்

கேள்வி: எட்டு ஆண்டு ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி மூன்று வாரம் ஆகிறது. கையால் கியர் மாற்றும் வண்டி. சில நாள் காலையில் எஞ்சினுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புத் திட்டு இருக்கிறது. சில நாள் தரை சுத்தமாக இருக்கிறது. கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த சீல், கிராங்க் எனும் எஞ்சினின் சுழல் தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம். சின்னப் பொருள்தான்; செலவெல்லாம் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியில் இருக்கிறது. காரணம் உறுதியாகாமல் அந்தக் கூலியைக் கொடுக்காதீர்கள்.

ஒழுகுவது எது என்று முதலில் தெரிய வேண்டும். இரவில் எஞ்சினுக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்துவையுங்கள். காலையில் அட்டையில் பழுப்பாகவோ கருப்பாகவோ வழவழப்பு இருந்தால் எஞ்சின் ஆயில். அதைவிடக் கெட்டியாக, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறத்தில் இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். நாயும் பூனையும் நக்கினால் உயிருக்கே ஆபத்து, உடனே துடைத்துவிடுங்கள். ஏ.சி. போட்டு ஓட்டியபின் சொட்டும் வாசனையற்ற தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம். பெட்ரோல் வாடை வந்தாலோ, சக்கரத்தின் உட்புறத்திலோ பிரேக் மிதியருகிலோ வெளிர்மஞ்சள் வழவழப்பு (பிரேக் ஆயில்) தெரிந்தாலோ வண்டியை எடுக்கவே கூடாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எஞ்சின் ஆயில் என்றே தோன்றுகிறது. ஆனால் சொட்டும் இடம் ஒழுகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. எண்ணெய் கீழ்நோக்கி வழியும்; வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். எஞ்சினின் உச்சியில் இருக்கும் டேப்பெட் கவர் பேக்கிங் விட்டுப்போனால், எண்ணெய் எஞ்சினின் பக்கவாட்டில் இறங்கி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் வந்து சொட்டக்கூடும். கிராங்க் சீல் போனாலும் அதே இடத்தில்தான் சொட்டும். நல்ல மெக்கானிக்குகளும் ஏமாறுவது இங்கேதான். சில நாள் மட்டும் திட்டு விழுவதற்கு எஞ்சினை அடியில் மூடியிருக்கும் அடித்தட்டு காரணமாக இருக்கலாம்: அதில் தேங்கிய எண்ணெய், வண்டி சரிவாக நிற்கும் நாளில் வடியும். கடைசியாக ஆயில் மாற்றியபோது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா, ஆயில் வடிக்கும் போல்ட்டின் வாஷர் நசுங்கியதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சினை நன்றாகத் துடைத்து, அடித்தட்டைக் கழற்றிவிட்டு, இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு டார்ச் அடித்து மேலிருந்து கீழாகத் தேடுங்கள். ஈரம் தெரியும் மிக உயரமான இடம்தான் ஊற்று. கண்ணுக்குச் சிக்காவிட்டால், புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து பார்க்கும் வசதி பட்டறைகளில் உண்டு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் மட்டும் போகாதீர்கள்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருந்தால், உள்ளே அழுத்தம் ஏறி எந்த சீல் வழியாகவும் எண்ணெய் பிதுங்கும். புது சீல் போட்டாலும் மறுபடி ஒழுகும். அதை முதலில் சரிபாருங்கள்.

அதுவரை வாரம் ஒருமுறை, சமதளத்தில், எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக்கில் (ஆயில் பார்க்கும் கம்பியில்) அளவைக் குறித்துவையுங்கள். ஓட்டும்போது ஆயில் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

மேலே எல்லாம் காய்ந்திருந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் மட்டும் நனைந்திருந்தால் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள். இறக்கியதும் கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுங்கள். எண்ணெய் ஏறியிருந்தால் கையோடு மாற்றிவிடலாம், இன்னொரு முறை இறக்கும் கூலி மிச்சமாகும்.