கிணறு, கண்ணா மரம், ஆற்றுவாய்: தண்ணீர் பற்றிக் கேள்வி பதில்

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். தண்ணீரைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இன்று பதில் எழுதுகிறேன்.

கல்லடி வாசகர்: ரீச்சர், எங்கட வளவுக் கிணறு ஆவணியில சவர்க்குது. இன்னும் பத்தடி தோண்டினா நல்ல தண்ணி வருமா?

வேண்டாம் தம்பி. தோண்டத் தோண்ட உப்புக்குத்தான் கிட்டப் போவீர்கள். நாம் குடியிருக்கும் எழுவான்கரை, கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல். அதற்குள் இருக்கும் நல்ல தண்ணீர் முழுவதும் மாரியில் பெய்து இறங்கிய மழை. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரம் கூடியது. அந்தச் சின்ன வித்தியாசத்தால் மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். திருப்பிப் பாருங்கள்: நீங்கள் இறைத்து மேலே 10 சென்ரிமீற்றர் குறைந்தால், அடியிலிருந்து உப்பு 4 மீற்றர் ஏறப் பார்க்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு இதைக் கண்ணால் கண்டோம். உப்பேறிய கிணறுகளை மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப வற்ற இறைத்தார்கள். இறைத்த இடத்துக்குச் சுற்றியிருந்த உப்புத்தான் இழுபட்டு வந்தது. மணலைக் கழுவித் தந்தது அடுத்தடுத்து வந்த மாரி மழை. ஆகவே சிறிய மோட்டரைக் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மட்டும் போடுங்கள். ஆழமான குழாய்க் கிணற்றைவிட அகலமான, ஆழம் குறைந்த கொட்டுக் கிணறுதான் இந்த மணலுக்குச் சரி.

களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவி: தென்னை மரத்து உச்சிக்கு மோட்டர் இல்லாமல் எப்படித் தண்ணீர் போகிறது?

நல்ல கேள்வி மகள். மேலே வைத்த மோட்டரால் கிணற்றிலிருந்து 10 மீற்றருக்கு மேல் உறிஞ்சவே முடியாது. வளிமண்டல அமுக்கம் அவ்வளவுதான் தள்ளும். தென்னையோ 20 மீற்றருக்கும் தண்ணீர் ஏற்றுகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஓலையின் இலைவாய்களால், அதாவது நுண்ணிய துளைகளால், ஆவி வெளியேறும்போது மேலேயுள்ள மூலக்கூறு கீழேயுள்ளதை இழுக்கிறது, அது அதற்குக் கீழேயுள்ளதை. தண்ணீர் ஏறும் குழாயான காழ்க்கலன் மிக ஒடுங்கியது என்பதால் அந்த நீர் நிரல் அறாமல் வேர் வரைக்கும் இறுகி நிற்கிறது. இழுக்கும் வலு வெயிலிலிருந்து வருகிறது, மரம் தன் சக்தியைச் செலவழிப்பதில்லை. இன்னொன்று: தென்னைத் தண்டு வேம்பைப் போல ஆண்டுக்காண்டு புதுக் காழ் வைத்துப் பருப்பதில்லை. இளமையில் வைத்த குழாய்களாலேயே ஆயுள் முழுக்கத் தண்ணீர் ஏற்றுகிறது. தண்டில் ஆணி அடிப்பவர்களை நான் ஏசுவது இதனால்தான்.

பரீட்சையில் "வேர் அமுக்கம்" என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: கொடுவா மீன் கடலிலும் கிடக்கு, வாவியிலும் கிடக்கு. எப்படி?

நன்னீரில் நிற்கும்போது பிரசாரணத்தால், அதாவது உப்புக் கூடிய பக்கத்துக்கு நீர் இழுபடுவதால், தண்ணீர் தானாகவே பூவினூடாக (செவுளினூடாக) உடம்புக்குள் புகும். ஆகவே அது குடிப்பதில்லை, நீர்த்த சிறுநீரை நிறையக் கழிக்கும். கடலுக்குப் போனால் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே இழுபடும். அப்போது கடல்நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைப் பூவிலுள்ள கலங்களால் வெளியே தள்ளும். எல்லா மீனாலும் இப்படி மாற முடியாது.

உப்புச் சேற்றில் வளரும் வாவிக்கரைக் கண்ணா மரத்துக்கும் இதே பிரச்சினைதான். கோடையில் அதன் இலையொன்றை வெயிலுக்குச் சரித்துப் பாருங்கள். பொடிப் பளிங்காக உப்பு மினுங்கும், நக்கினால் கரிக்கும். வேரால் வடிகட்டியும் உள்ளே வந்துவிட்ட உப்பை இலைச் சுரப்பிகளால் வெளியேற்றியிருக்கிறது. அதே சேற்றில் வளரும் கண்டல் மரத்துக்கு அந்தச் சுரப்பி இல்லை. அது பெரும்பகுதி உப்பை வேரிலேயே மறித்துவிடும்.

ஏறாவூர் வாசகர்: ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் குடிக்க வேணும்?

தாகத்துக்குக் குடியுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் இன்னும் குடியுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளுங்கள்.

ஆரையம்பதி வாசகர்: கிணறு சவர்க்குது, பெரிய மோட்டர் போட்டா சரிவருமா?

கல்லடிக்கு எழுதியதை வாசியுங்கள். சரிவராது.

காத்தான்குடி, ஒரு தாய்: கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வெச்சுத்தான் புள்ளைக்குப் பால்மா கரைக்கிறேன். போதும்தானே?

மகள், கவனமாகக் கேளுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கழிவிலிருந்து தண்ணீரில் கரையும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். வீடுகள் நெருங்கிய ஊரில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே மணலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குழியில் இறங்குவது கிணற்றுக்கு வந்து சேரும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவுவதை நைத்திரேற்று குழப்பும். உதடும் நகமும் நீலம் பாரித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பால்மாவுக்கு உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து எடுங்கள். கிணற்று நீரைப் பரிசோதிக்க உங்கள் பகுதி பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) இன்றைக்கே சொல்லுங்கள்.

வவுணதீவு விவசாயி: கிணத்துக் கதை கிடக்கட்டும் ரீச்சர். மார்கழி வெள்ளத்தில வட்டை (வயல்வெளி) முழுக்கத் தாழுது. வாவி கடலோட சேர்ற இடத்தில மணல் மூடிக் கிடக்கிற ஆற்றுவாயை மாரி தொடங்க முன்னமே வெட்டி விட்டா என்ன?

வெள்ளம் நின்றால் பயிர் ஏன் அழுகுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒட்சிசன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். நெல்லின் தண்டுக்குள் காற்றறைகள் இருப்பதால் இலை நுனி வெளியே தெரியும்வரை வேருக்குக் காற்றுப் போகும். முழுக்க மூழ்கினால் ஒரு கிழமைக்கு மேல் தாங்குவது கடினம். உங்கள் அவசரம் எனக்கு விளங்குகிறது.

ஆனாலும் முன்கூட்டியே வெட்டினால் வாய் நிலைக்காது. கடலைவிட வாவி நன்றாக உயர்ந்து நிற்கும்போது வெட்டினால், பாயும் வேகமே மணலை அரித்து வாயை அகலமாக்கும். உயரம் போதாவிட்டால் கடல் மணலைத் திருப்பிப் போட்டு அடைத்துவிடும். இடையில் உப்புநீர் உள்ளே ஏறி உங்கள் தாழ்ந்த வயலுக்கே வரும்.

நாவலடி மீனவர்: அவங்கட வெள்ளாமைக்கு வெட்டினா வாவி வடிஞ்சு இறாலெல்லாம் கடலுக்குப் போயிடும். எங்கட வயிறு?

தம்பி, வளர்ந்த இறால் எப்படியும் கடலுக்குப் போகத்தான் வேண்டும், அங்கேதான் முட்டையிடும். அதன் குஞ்சுகள் வாவிக்குள் வருவதும் இதே வாயால்தான். வாய் திறக்கவே இல்லை என்றால் அடுத்த வருடம் வலையில் என்ன விழும்? வாவியில் மிதக்கும் களையான ஆற்றுவாழையை உப்புநீர் அழிப்பதும் இதே வழியால்தான். ஆனால் ஒரே இரவில் அகலமாக வெட்டி வாவியை வடித்தால் கரையோரத்துக் குஞ்சுகள் நாசமாகும். அதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு.

வவுணதீவு விவசாயி: அப்ப நாங்க பார்த்துக்கொண்டு நிக்கிறதா?

இல்லை அண்ணன். நாளைப் பார்த்து வெட்டாமல் நீர்மட்டத்தைப் பார்த்து ஒடுக்கமாக வெட்ட வேண்டும், அந்த மட்டம் எது என்று இரண்டு பகுதியாரும் மாரிக்கு முன்னமே கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்து பேசி முடிக்க வேண்டும். இன்னொன்றையும் நேராகச் சொல்கிறேன்: வாவியின் வெள்ளப் படுகைக்குள் வரம்பு இறக்கிச் செய்த காணி எந்த வாயை வெட்டினாலும் தாழும். உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் நிரம்பி ஒன்றாக வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீருக்கு நிற்க இடம் வேண்டும். அந்த இடத்தில்தான் அந்தக் காணி கிடக்கிறது.

இதற்குப் பிறகும் இருவரும் எழுதியவற்றில் புதிதாகக் கேள்வி இல்லை.

கல்முனை வாசகர்: அள்ளும்போது தெளிவான தண்ணி, வாளியில கறள் நிறமாகுது.

இரும்பு. காற்றில்லாத நிலத்தில் கரைந்திருந்தது, காற்றுப் பட்டதும் படிகிறது. உயரத்திலிருந்து ஊற்றி, இரவு முழுக்க அடையவிட்டு, மணலால் வடியுங்கள்.

செங்கலடி வாசகர்: பாடும் மீன் உண்மையா?

இன்று தண்ணீர் மட்டும்.

பெரியகல்லாறு வாசகர்: தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்துக் கிணறு வெட்டலாமா?

உங்கள் மணலில் எங்கே வெட்டினாலும் தண்ணீர் வரும். தேங்காயை விட்டுவிட்டு மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், உங்களுடையதும் அயலவருடையதும்.

கல்லடி, இன்னொருவர்: ஆவணியில கிணறு இறைச்சுத் துப்புரவாக்கலாமா, பெரிய மோட்டர் இருக்கு.

ஆவணி, புரட்டாதியில் தொட வேண்டாம். மாரி கழிந்து நீர்மட்டம் உயர்ந்து நிற்கும் மாசியில், அடிச் சேற்றை மட்டும் வாளியால் அள்ளுங்கள். மோட்டர் போட வேண்டாம்.