வீட்டுவரியை நிறுத்தலாமா?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணக் கரையோரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் பகுதியில் வாரத்தில் பாதி நாள் குழாயில் தண்ணீர் வருவதில்லை, தெருவிளக்குகள் எரிவதில்லை. தண்ணீர்த் தொட்டி, தனியார் காவல், மருத்துவக் காப்பீடு எல்லாம் சொந்தச் செலவு. இப்போது எங்கள் குடியிருப்போர் சங்கம், வீட்டுவரியை நகராட்சிக்குச் செலுத்தாமல் சங்கத்தின் வங்கிக் கணக்கில் போடும்படி ஒரு படிவத்தை நீட்டுகிறது. "மூன்று பவுன் வரியை எதிர்த்த பரம்பரை நாம்" என்கிறார்கள். என் மகனோ, தனக்கு எதுவும் செய்யாத நாட்டுக்குத் தான் மட்டும் ஏன் கடன்பட வேண்டும் என்று கேட்கிறான். நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்: அம்மா, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த விஷயத்தில் கொள்கை பேசுபவர்கள் பெரும்பாலும் அதைத் தெரிந்துகொள்ளாமலே பேசுகிறார்கள். நீங்கள் கேட்டிருப்பதைப் போன்ற ஒரு வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்று 2013இல் முடிந்தது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் மொகாகா நகராட்சியில், சேவை மோசமாக இருக்கிறது என்று குடியிருப்போர் சங்கம் எடுத்த முடிவின்படி, ஓர் உறுப்பினர் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டு வீட்டுவரியை மட்டும் நிறுத்தினார். நகராட்சி அவருடைய மின்சாரத்தைத் துண்டித்தது. மின்கட்டணத்தில் ஒரு சென்ட்கூடப் பாக்கி இல்லாதபோது எப்படித் துண்டிக்கலாம் என்பது அவருடைய வாதம். 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டம் ஒருவருடைய எல்லாக் கணக்குகளையும் ஒன்றாகச் சேர்க்க நகராட்சிக்கு அதிகாரம் தருகிறது. அப்படிச் சேர்த்த கணக்கில் எந்தப் பாக்கிக்காகவும் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அவர் தோற்றார். அதே சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி, விற்கும்போது முந்தைய இரண்டு ஆண்டுப் பாக்கி தீர்ந்ததற்கான சான்று இல்லாமல் வீட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது என்பதையும் படிவம் நீட்டுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அச்சட்டத்திலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட தொகை தவறு என்று நீங்கள் நகராட்சியுடன் முறைப்படி தகராறு எழுப்பினால், அந்தத் தொகைக்கு மேற்சொன்ன கணக்குச் சேர்ப்பு பொருந்தாது. "சேவை சரியில்லை" என்பது இப்படிப்பட்ட தகராறு ஆகாது. "தண்ணீரே வராத மாதத்தில் மீட்டர் இத்தனை கிலோலிட்டர் காட்டியிருக்கிறது, இந்தத் தொகையை ஏற்க மாட்டேன்" என்று எழுத்தில் சொல்வதுதான் தகராறு.

இனி மூன்று பவுன் வரிக்கு வருவோம். அந்த வரலாற்றின் மேல் எனக்கும் பெருமை உண்டு. அதனால்தான் அதை இங்கே இழுப்பதை ஒப்ப முடியவில்லை. 1895இன் நேட்டால் சட்டம், இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து, அது முடிந்த பின்னும் இங்கேயே தங்கிய கூலிகள் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் விதித்தது. ஒப்பந்தத்தின் முதலாண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங்தான் என்பதால், அது ஆறு மாதச் சம்பளம். ஊருக்கு ஒரு விளக்கு வைப்பதற்காக அந்த வரி வரவில்லை. மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, இல்லையேல் கப்பல் ஏறு என்று விரட்டுவதற்காகவே வந்தது. மறு ஆண்டே நேட்டால் நாடாளுமன்றத் தேர்தலில் இந்தியர்களின் வாக்குரிமைக்கும் கதவு சாத்தப்பட்டது. 1913இல் சுரங்கத்திலிருந்தும் கரும்புத் தோட்டத்திலிருந்தும் எழுந்து நடந்தவர்களும், சிறையில் பெற்ற காய்ச்சலால் 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையும் எதிர்த்தது, தங்களை மனிதர்களாக எண்ணாத, தங்கள் வாக்கைக் கேட்காத ஓர் அதிகாரத்தை. 1980களில் கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் நடந்த வாடகை மறுப்பும் அந்த வகையே. 1984இல், வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோருக்குத் தனித்தனி அவை வைத்துக் கறுப்பினத்தவரை ஒதுக்கிய முத்தரப்பு நாடாளுமன்றத்தின் தேர்தலை நம் மக்களில் மிகப் பெரும்பாலோர் புறக்கணித்தபோதும், போலி வாக்குக்கும் உண்மை வாக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்தே புறக்கணித்தார்கள். உங்கள் நகராட்சி எவ்வளவு திறமையற்றதாக இருந்தாலும், அதை அமர்த்தும் வாக்கு உங்கள் கையில் இருக்கிறது. மண்டேலாவின் அரசு 1995இல் மசக்கானே இயக்கத்தைத் தொடங்கி, பழைய மறுப்பை விட்டுவிட்டுப் பணம் கட்டத் தொடங்குங்கள் என்று மக்களைக் கேட்டதன் காரணமும் இதுதான். அது பெரிதாக வெற்றி பெறவில்லை என்பது வேறு கதை.

உங்கள் மகனுடைய கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒரு பிழையும் இருக்கிறது. தொட்டிக்கும் காவலுக்கும் தனியாகக் கொடுத்துவிட்டு மறுபடி வரியும் கொடுப்பவன் இரட்டைச் செலவு செய்கிறான். அந்தக் கோபத்தை நாட்டுப்பற்றுப் பேசி அடக்குவது அநியாயம். பிழை எங்கே என்றால், நாடு என்பதைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு வியாபாரியாக அவர் நினைப்பதில். ஆடி மாதம் மாரியம்மன் கோவிலில் கூழ் காய்ச்சுகிறோம். கிளறுகிறவர் கவனக்குறைவாக அடிப்பிடிக்க விடுகிறார் என்பதற்காக நம் பங்கு மாவைத் திரும்ப எடுத்துக்கொண்டால், கிளறுகிறவருக்கு ஒன்றும் குறையாது. வரிசையின் கடைசியில் தூக்குச்சட்டியோடு நிற்கும் கிழவிக்குத்தான் குறையும். வீட்டுவரியும் அப்படித்தான். வருவாய் விழும்போது நகராட்சிகள் முதலில் வெட்டுவது பராமரிப்பை, சம்பளத்தை அல்ல. தொட்டி வாங்க வசதியில்லாத அடுத்த தெருக்காரர் அதைத் தாங்குவார்.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு, குடிமக்கள் உரிமைகளுக்குச் சமமாக உரியவர்கள், கடமைகளுக்கும் சமமாகக் கட்டுப்பட்டவர்கள் என்கிறது. இந்திய அரசியலமைப்பு 1976இல் செய்ததைப் போல இது அந்தக் கடமைகளுக்குப் பட்டியல் போடவில்லை. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பட்டியல் இருந்தால் அதை மனப்பாடம் செய்வதே கடமையாகிவிடும்.

சங்கத்தின் யோசனைக்குப் பின்னால் நம் சமூகத்தின் பழைய பழக்கம் ஒன்றும் இருக்கிறது. அரசு கைவிட்ட காலத்தில் நாமே பணம் திரட்டிப் பள்ளிகளைக் கட்டினோம். டர்பனின் சாஸ்திரி கல்லூரி 1929இல் எழுந்தது அப்படித்தான். இங்கே நிரந்தர மக்கள் என்று இந்தியர்கள் ஏற்கப்பட்டதே 1961இல் என்பதால், அன்று சொந்தக் கையை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்தக் கட்டாயத்தை இன்று கொள்கையாக்கினால், "நாம்" என்ற சொல் நம் தெருவின் வேலியோடு நின்றுவிடும். 2021 ஜூலைக் கலவரத்தில் காவல்துறை வராத நாட்களில் மக்கள் தங்கள் தெருவைக் காக்க நின்றது எனக்குப் புரிகிறது. ஆனால் அதே நாட்களில், டர்பன் அருகே இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் 30க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், கொல்லப்பட்டார்கள். இதை எழுதினால் சில வாசகர்கள் கோபிப்பார்கள் என்று தெரியும். கூட்டுப் பொறுப்பு என்பது நம்மவரோடு சேர்ந்து நிற்பது மட்டும்தான் என்று எண்ணினால் எங்கே போய் முடியும் என்பதை அந்த வாரம் காட்டிவிட்டது.

ஆகவே அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சங்கத்தை விட்டும் விலகாதீர்கள். அதே ஆட்பலத்தை வேறு வேலைக்குத் திருப்பச் சொல்லுங்கள். நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குவதால், நகராட்சி தன் வரவுசெலவுத் திட்ட வரைவை அதற்குத் தொண்ணூறு நாள் முன்பே, அதாவது மார்ச் மாத முடிவுக்குள், மன்றத்தில் வைத்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் நூறு பேர் சாலையை மறிப்பதைவிட, ஏப்ரலில் பத்துப் பேர் அந்த வரைவில் உங்கள் வட்டாரக் குழாய்களுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடி எழுதிக் கொடுப்பது அதிகம் செய்யும். நாடு முழுவதும் நகராட்சிக் குழாய்களில் விடும் நீரில் சுமார் 47 சதவீதம் கசிவாலும் களவாலும் கணக்கில்லாத பயன்பாட்டாலும் வருவாய் தராமல் போகிறது என்று நீர்வளத் துறையே 2023இல் வெளியிட்டது. உங்கள் ஊரில் அது எத்தனை என்று தகவல் பெறும் சட்டப்படி விண்ணப்பித்தால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அதுவும் பலிக்காவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. வடமேற்கு மாகாணத்தின் கெட்லெங்ரிவியரில் குடிமக்கள் வழக்குத் தொடுத்து, தங்கள் ஊரின் தண்ணீர் நிலையத்தைத் தாங்களே இயக்க 2020 டிசம்பரில் மஹிகெங் உயர் நீதிமன்றத்தின் உத்தரவைப் பெற்றார்கள். வீட்டுவரியை வாங்கிப் பூட்டி வைக்க உங்கள் சங்கம் திறந்திருக்கும் கணக்கு இருக்கட்டும். விரும்பியவர்கள் வரிக்கு மேல் போடும் சிறு தொகையை அதில் சேர்த்து, இப்படி ஒரு வழக்குக்கு வக்கீல் கட்டணமாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு அவர்கள் ஒரு புதுப் படிவம் எழுதினால், அதில் கையெழுத்துப் போடுங்கள்.