அப்பா இறந்து 22 வருடம் ஆகிறது, நிலம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இப்போது எங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா?

முடியும். பட்டா மாற்றத்துக்குக் கெடு எதுவும் கிடையாது. உயில் இல்லையென்றால், அப்பா இறந்த அன்றைக்கே சொத்து வாரிசுகளுக்கு வந்துவிட்டது. தாலுகா ஆபீஸில் நடப்பது அதைப் பதிவேட்டில் ஏற்றும் வேலைதான். ஆனால் அந்த வாரிசுகள் யார் யார் என்பதில் நாங்கள் நன்றாக மாட்டிக்கொண்டோம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் அப்பா தவறியது 1999-இல். அவர் சம்பாத்தியத்தில் வாங்கிய 80 சென்ட் நிலம். அம்மா, அக்கா, நான், ஆக மூன்றே பேர் என்ற நினைப்பில் 2024-இல் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, ஒரே கேள்விதான் கேட்டார்: "உங்க அப்பா தவறினப்போ அவங்கம்மா இருந்தாங்களா?"

இருந்தார். அப்பத்தா இறந்தது 2006-இல்.

1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. எல்லாருக்கும் சம பங்கு. (கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு.) இன்றைக்கு யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது கணக்கே இல்லை, அப்பா இறந்த தேதியில் யார் இருந்தார்கள் என்பதுதான். ஆக 80 சென்டில் அப்பத்தாவுக்கு 20 சென்ட். அவரும் போன பிறகு அந்த 20 சென்ட் அவருடைய பிள்ளைகள் நால்வருக்கும் பிரிகிறது: இரண்டு அத்தைகள், சித்தப்பா, அப்புறம் அப்பாவின் பங்குக்கு நானும் அக்காவும். தலைக்கு ஐந்து சென்ட், எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஐந்து. மூன்று கையெழுத்து ஆறாகிவிட்டது.

இதில் அப்பத்தாவின் இறப்பை யாரும் பதிவு செய்யவே இல்லை. வீட்டிலேயே இறந்தார், ஊர்ச் சுடுகாட்டில் எரித்தோம், அத்தோடு சரி. ஒரு வருடம் தாண்டிய இறப்பைப் பதிய ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வேண்டும். சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் ஐந்து மாதம் போயிற்று. போதாக்குறைக்கு அப்பாவின் பெயர் பட்டாவில் சுப்பையன், இறப்புச் சான்றிதழில் சுப்பையா. இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் கொடுத்துச் சமாளித்தோம்.

அத்தைகளிடம் விடுதலைப் பத்திரம், அதாவது தங்கள் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம், கேட்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரிய அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "எனக்கு உன் அஞ்சு சென்ட் வேணாம்யா. ஆனா எங்கம்மா பங்குன்னு எனக்கு ஒண்ணு இருந்துச்சுன்னு இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலையே." எனக்கே போன மாசம்தான் தெரியும் அத்தை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் வந்து எழுதிக் கொடுத்தார்.

சித்தப்பா துபாயில் இருக்கிறார். அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்று, தன் சார்பில் இங்கே கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் (பவர்) அனுப்பினார். அது இங்கே கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபால் உறையைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, பாகப்பிரிவினை, தானசெட்டில்மென்ட் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் சலுகை உண்டு. 2023 ஜூலையில் அதிகபட்ச முத்திரைத் தீர்வையை 40,000 ரூபாயாகவும் பதிவுக் கட்டணத்தை 10,000 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். ஆனால் 'குடும்பம்' என்பதற்குப் பதிவுத் துறை தனியாக வரையறை வைத்திருக்கிறது. உங்கள் உறவுமுறை அதற்குள் வருகிறதா என்று பத்திரம் எழுதும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எல்லார் பெயரையும் போட்டுக் கூட்டுப் பட்டா வாங்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். வாங்கலாம், சுலபமும்கூட. ஆனால் பட்டா வருவாய்த் துறைப் பதிவு மட்டும்தான், உரிமைப் பத்திரம் ஆகாது. இன்னார் பங்கை இன்னார் விட்டுக்கொடுத்தார் என்பதற்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்து விற்கும்போது உதவாது.

ஆக, விண்ணப்பிக்கும் முன் ஒரு தாளில் அப்பா இறந்த தேதியை எழுதி, அன்றைக்கு அப்பாவின் அம்மா இருந்தாரா என்று பாருங்கள். இருந்திருந்தால் அவர் வழி வாரிசுகளிடம் முதலில் பேசுங்கள், தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் அவர்களுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால்.

சின்ன அத்தை எழுதித் தரவில்லை. தன் பங்கு வேண்டும் என்றார். நியாயம்தான். வடக்கு ஓரத்தில் ஐந்து சென்ட் அளந்து பாகப்பிரிவினை போட்டோம், உட்பிரிவுக்கு மனு கொடுத்திருக்கிறோம். சர்வேயர் வரும் தேதிக்குத்தான் காத்திருக்கிறோம்.